சம்பந்தி மேல நல்ல கூட்டம்

ஏனுங்க தம்பி, இந்தச் சுருட்டு உங்க முழங்கால்ல இடிக்குதுங்களா? சித்த இருங்க, அக்கட்டால சாச்சுக்கறேன். மேல வெக்கலாம்னா கம்பில நிக்க மாட்டேங்குது. கண்டக்டரு கீழ போடுங்கறாரு. கீழ போட்டா ஆராச்சும் மிதிச்சுப் போடுவாங்க. மிதிக்கக் கூடாதுங்க. உள்ள எங்க சம்பந்தி இருக்காரு.

அட, நகராதீங்க. படமுங்க, பிளெக்ஸு. சம்பந்தி உசுரோட நல்லாத்தான் இருக்காரு. அவரைப் பாக்கத்தான் போய்ட்டிருக்கறேன். புங்கம்பாளையம் பிரிவுல எறங்கோணும். நீங்க அன்னூர் வரைக்குங்களா? அப்ப நேரம் இருக்குது, கேளுங்க. படிச்சவராட்டத் தெரியறீங்க. நாயம் ஆரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. தொண்டாமுத்தூர்ப் பக்கம் கீரைத் தோட்டம். ஒரே புள்ள, கோகிலா. அதைத்தான் சம்பந்தி ஆறுச்சாமி ஊட்டுக்குக் குடுத்திருக்குது. இப்ப மாசமா இருக்குது. தலைப்பிரசவம். வளைகாப்புப் போட்டா அன்னிக்கே புள்ளையப் பொறந்த ஊட்டுக்கு அனுப்போணுமுங்களா, இல்லீங்களா? எங்க பக்கம் அப்பிடித்தானுங்க. இவரு அனுப்ப மாட்டேன்னுட்டாரு. வளைகாப்பு முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகப் போகுது. புள்ளைக்குன்னு ஒதுக்கி வெச்ச ரூமுக்கு என்ற ஊட்டுக்காரி ருக்குமணி தெனமும் போறா, ஃபேனைப் போட்டுச் சுத்துதான்னு பாக்கறா, வந்து என்னை ஒரு பார்வை பாக்கறா.

அப்பிடி என்ன பண்ணிப்போட்டேன்னு கேளுங்க. ஒண்ணுமே பண்ணலீங்க. கீரைக்குப் பூச்சி வந்துச்சு. அவ்வளவுதான்.

நீங்க கீரை திங்கறவரா? திங்கறீங்க, சந்தோசம். ஆனா அதைத் திங்கறதுல நீங்க கடைசி ஆளுங்க. உங்களுக்கு முன்னாடி பந்தில உக்காந்து எந்திரிச்சவங்க எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியாது. மொதல்ல பச்சைப் புழு வரும். ரெண்டு இலையை நூல் உட்டு ஒட்டி வெச்சுட்டு உள்ள உக்காந்து திங்கும், ஊட்டுக் கதவைச் சாத்திட்டுக் கறி திங்கறவனாட்டம். அப்பறம் அசுவினி. இலைக்கு அடியில அப்பிக்கிட்டுச் சாறு உறிஞ்சும். கைய வெச்சா பிசுபிசுங்கும். அதுக்கப்பறம் வெள்ளை ஈ. செடிய ஆட்டுனா மாவு தட்டுனாப்ல பறக்கும். கடைசியாச் செம்பேன். அது பூச்சியே இல்லீங்களாம். எட்டுக் காலாம், சிலந்திக்கு ஒறம்பரையாம். கண்ணுக்குத் தெரியாது. இலை பூரா துருப்புடிச்ச தகரமாட்டம் ஆனதுக்கப்பறந்தான் அவரு வந்து போனதே நமக்குத் தெரியும்.

மருந்தடிக்கறதுதானேம்பீங்க. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அரைக்கீரைய இன்னிக்கு அறுத்தா நாளைக்கு ஆரோ ஒரு கொழந்தைக்கு அதைப் பெசஞ்சு ஊட்டுவாங்க. அதுல போயி வெசத்தை அடிக்கறதுங்களா? அந்த ஒரு விசயத்துல நான் ஒரே புடிங்க. இஞ்சி பூண்டு பச்சமொளகா அரைச்சுக் கரைச்சுத் தெளிச்சேன். வேப்பங்கொட்டைய இடிச்சு ஊற வெச்சுத் தெளிச்சேன். பூச்சிக்கு அது மசாலாவாட்டம் இருந்திருக்கும் போல. எச்சாத் தின்னுச்சு. மார்க்கெட்ல என்ற கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு, 'என்னங்க, சல்லடை கொண்டாந்திருக்கறீங்க'ன்னு கேட்டாங்க.

அப்பத்தான் வேளாண்மை ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மணி வந்துச்சு. நல்ல வெவரமான புள்ள. பறக்கற பூச்சிக்கு மஞ்சக் கலருன்னா புடிக்கும், மஞ்சத் தகரமோ அட்டையோ எடுத்து வெளக்கெண்ணெய் பூசிச் செடி ஒசரத்துக்குக் கட்டுங்க, வந்து ஒட்டிக்கும்னு சொல்லுச்சு. செம்பேனுக்கு றெக்கை இல்லை, அது இதுல ஒட்டாது, அதுக்கு இலைக்கு அடியில தண்ணியப் பீச்சி அடிங்கன்னும் சொல்லுச்சாம். ருக்குமணி சொல்றா. நான் மஞ்சள்லயே நின்னுட்டேன்.

மஞ்சளுக்கு எங்க போறது? ருக்குமணி ஒடஞ்ச பிளாஸ்டிக் கொடம் ரெண்டைக் கொண்டாந்து வெச்சா. ரெண்டும் நல்ல மஞ்சதான். வெட்டிக் கட்டுங்கன்னா. எனக்கு அது சின்னதாத் தெரிஞ்சுதுங்க. பரண் மேல பன்னெண்டடில மங்களகரமா ஒரு மஞ்ச பிளெக்ஸு இருக்கறப்ப கொடத்தை எதுக்கு வெட்டறது?

அது கல்யாணத்துக்கு அடிச்சதுங்க. மண்டபத்து வாசல்ல ரெண்டு வெச்சிருந்தோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சம்பந்தி. பன்னெண்டடி ஒசரம், நாலடி அகலம். ரெண்டு பேரும் கும்புட்டுட்டு நிக்கறோம். மேல 'வருக வருக', கீழ 'தங்கள் வரவு நல்வரவாகுக'. பின்னாடி பூராவும் மஞ்ச. கல்யாணம் முடிஞ்சு சீர்ப் பாத்திரத்தை வண்டில ஏத்தறப்ப மழை தூறுச்சு. ஆரோ என்ற படத்தை அவுத்து மேல போத்தி உட்டாங்க. நான் அவுங்க ஊட்டுக்குப் போயிட்டேன். அவரு எங்க ஊட்டுல நின்னுபோனாரு.

மறுவூட்டு விருந்துக்குப் போனமுங்க. மாட்டுக் கொட்டாய் மேல நான் இருக்கறேன். மல்லாக்க. பறந்துரக் கூடாதுன்னு கால் மேல ரெண்டு செங்கல்லு, நெத்தி மேல ஒரு டயரு. கொட்டாய் ஒழுகுச்சாம். எனக்கு அதுல துளிகூட வருத்தம் கெடையாதுங்க. மனுசன்னா இதையெல்லாம் பெருசு பண்ணக் கூடாது. லாரி டயரா இருந்தாலும் ஒரு கவுரவம், அது மொபெட்டு டயரு. அதையும் நான் பெருசு பண்ணல. பொங்கலுக்குப் போனேன், அப்பவும் இருந்துச்சு, மூஞ்சி மேல ஒரு கோழி உக்காந்திருந்துச்சு. நான் ஒரு வார்த்தை பேசல. ருக்குமணிகிட்ட மட்டும் ஒரு தடவை சொன்னேன். தெனமும் சொன்னேங்கறா அவ. அவ எதையும் கூட்டித்தான் சொல்லுவா.

இன்னொண்ணையும் சொல்லிப்போடறேன். பூச்சி வர்றதுக்கு முன்னாடி ஒருக்கா சம்பந்தி எங்க தோட்டத்துக்கு வந்திருந்தாரு. வரப்புல நின்னு, 'கீரை ஜம்முன்னு இருக்குதுங்களே'ன்னாரு. அடுத்த வாரமே அசுவினி. கண்ணு படறதுல எல்லாம் எனக்கு நம்பிக்கை கெடையாதுங்க. ஆனா வந்தது அடுத்த வாரந்தான்.

ஆனா பிளெக்ஸைக் கட்டுனதுக்கு இதெல்லாம் காரணம் இல்லை. மஞ்ச, அது ஒண்ணுதான்.

செடி ஒசரத்துக்குக் கட்டோணும்னு அம்மணி சொல்லிருக்குதுங்களே. அரைக்கீரை எவ்வளவு ஒசரம் இருக்கும்? நிக்க வெச்சுக் கட்டுனா சம்பந்தி ஆகாசத்துல நிப்பாரு, பூச்சி அவரு காலுக்குக் கீழயே போயிரும். அதனால படுக்கப் போட்டுக் கட்டுனேன். ஒருக்களிச்சு, பாத்திக்கு நடுவுல, பள்ளிகொண்ட பெருமாளாட்டம். கும்புட்ட கையி கும்புட்டாப்லயே இருந்துச்சு. தலைமாட்டுல 'வருக வருக'. வெள்ளையடிக்கற பிரஷை வெளக்கெண்ணெயில தொட்டு நெத்தில இருந்து வேட்டிக் கரை வரைக்கும் பூசி உட்டேன்.

மறுநா காலைல போய்ப் பாக்கறேன். அப்பிடி ஒரு கூட்டம் எங்க கல்யாண மண்டபத்துல கூட வரலீங்க. சட்டை பூரா றெக்கை மொளைச்ச அசுவினி. கன்னத்துல வெள்ளை ஈ. மீசை மேல ஒரு அந்துப்பூச்சி றெக்கைய விரிச்சு ஒட்டியிருந்துச்சு, அதுல மீசையே பெருசாத் தெரிஞ்சுது. எனக்கு அவரு மேல அன்னிக்குத்தான் ஒரு மரியாதையே வந்துச்சு. பொய் சொல்லல.

எண்ணெய் காஞ்சா ஒட்டாதுங்க. தொடச்சுட்டு மறுபடியும் பூசோணும். தெனமும் காலைல போயி மூஞ்சியத் தொடச்சு எண்ணெய் வெச்சு உடுவேன். பெத்த அப்பனுக்கு நான் அப்பிடிப் பண்ணுனதில்லை. சும்மா பூச முடியுங்களா? நாலு வார்த்தை பேசறதுதான். 'என்னங்க சம்பந்தி, கல்யாணத்துல ரசத்துக்கு உப்புப் பத்தலைன்னீங்களே'ம்பேன். 'டயரு நல்ல கனமுங்க'ம்பேன். பதில் பேச மாட்டாரு. நேர்ல பழகுனதை விட அப்பிடி நல்லாப் பழகுனோம்.

புதுத் தளிரு சுத்தமா வந்துச்சு. செம்பேன் மட்டும் அவருக்கு அடங்கல. அதுக்கு எத்தனை எண்ணெய் பூசியும் வரல. கடைசில ருக்குமணிதான் ஹோஸ் பைப்பை எடுத்து இலைக்கு அடியில பீச்சி ஓட்டுனா. அதுல சம்பந்தி மேல தப்பில்லை, அதுக்கு றெக்கை இல்லை.

ஊருக்குள்ள பேரு பரவிப்போச்சுங்க. கீரை அறுக்க வர்ற பொம்பளைங்க, 'இன்னிக்குச் சம்பந்தி மேல நல்ல கூட்டம்'னு சொல்லிட்டுப் போவாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு, 'உங்க சம்பந்தியை ஒரு வாரம் என்ற பாலக்குக்கு அனுப்புங்க'ன்னு வந்து நின்னாரு. குடுக்கலீங்க. சம்பந்தியைப் போயி எரவல் குடுப்பாங்களா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுங்களே.

அப்பத்தான் அவரு வந்தாரு. வளைகாப்புக்கு நாள் குறிச்சுட்டு, முறையா நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு, தட்டுல பழம் வெத்தலை பாக்கோட வந்திருக்காரு. டீக்கடைல வண்டிய நிறுத்தி, நாச்சிமுத்து ஊட்டுல இருப்பாரா தோட்டத்துல இருப்பாரான்னு கேட்டிருக்காரு. டீக்கடைக்காரனுக்கு இவரை அடையாளம் தெரியல. நின்னுட்டிருந்தாருங்களே, அதனால. 'இந்நேரம் சம்பந்திக்கு எண்ணெய் தேச்சிட்டிருப்பாரு, தோட்டத்துக்குப் போங்க'ன்னிருக்கான். நாச்சிமுத்துக்கு ஒரே புள்ளையாச்சே, அது எந்தச் சம்பந்தின்னு யோசிச்சுட்டே வந்திருக்காரு.

அன்னிக்கு மீசைல ஒட்டுனது வரமாட்டேன்னு அடம் புடிச்சுது. தேங்கா நாரு வெச்சுத் தேச்சிட்டிருந்தேன். 'இந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் படற பாடு இருக்குதே'ன்னு அவருகிட்டயே சொல்லிட்டிருந்தேன். பின்னாடி ஆரோ கனைக்கற சத்தம். திரும்புனா ரெண்டு சம்பந்தி. ஒருத்தரு படுத்துட்டு, ஒருத்தரு நின்னுட்டு. நிக்கறவரு மேல பூச்சி இல்லை, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

நான் எந்திரிச்சு, 'வருக வருக'ன்னேன். வேற என்னங்க சொல்றது? எதுத்தாப்ல அதுதான் எழுதியிருந்துச்சு.

அவரு கத்தலீங்க. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். தட்டை வரப்பு மேல வெச்சாரு. படத்தைச் சுத்தி ஒரு நடை நடந்தாரு. குனிஞ்சு மீசையப் பாத்தாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு, 'உங்க புள்ள எங்க ஊட்டுலயே இருக்கட்டுமுங்க. பூச்சி இல்லாத எடத்துல பிரசவம் ஆகட்டும்.'

நான் உடலீங்க, பின்னாடியே ஓடி வெளக்கிச் சொன்னேன். 'உங்க மொகராசிங்க சம்பந்தி, ஜில்லாவுல வேற எவன் மூஞ்சிக்கும் இத்தனை வராது'ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவரு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. சில பேருக்கு நல்லதா ஒரு வார்த்தை சொன்னாப் புடிக்காது.

அன்னிக்கே படத்தை அவுத்துட்டேன். சோப்புப் போட்டுக் கழுவுனேன். சாயங்காலம் போன் பண்ணி, 'எடுத்துட்டேனுங்க சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க'ன்னு சொன்னேன். சரி, இப்ப எங்க வெச்சிருக்கறீங்கன்னு கேட்டாரு. கொரல் கொஞ்சம் எறங்கித்தான் இருந்துச்சு. கொடில காய வெச்சிருக்கறேனுங்க, கிளிப்பு கூடக் காதுல போடாம தோள்லதான் போட்டிருக்கறேன்னு சொன்னேன். லைன் கட்டாயிருச்சு. எங்க பக்கம் டவர் செரியாக் கெடைக்காதுங்க.

வளைகாப்புக்கு நான் போகல. வயிறு செரியில்லைன்னு சொன்னேன். வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் வேன்ல போனாங்க, ஏழு வகைச் சோறு கட்டிட்டு. திரும்பி வர்ற சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி நடு சீட்டைப் பாத்தேன். புள்ள உக்கார வேண்டிய சீட்டுல காலிச் சீர்த்தட்டை அடுக்கி வெச்சிருந்தாங்க. அழுதுட்டேனுங்க. கண்ணுல வெளக்கெண்ணெய் பட்டுருச்சுன்னு ருக்குமணிகிட்ட சொன்னேன். படத்தை அவுத்து எத்தனையோ நாள் ஆச்சுன்னு அவளுக்குத் தெரியாதா என்ன.

அப்பறம் நேத்து அவதான் சொன்னா. 'அந்த மொகத்துக்கு நீங்கதான் அவமரியாதை பண்ணுனீங்க, அந்த மொகத்துக்கு நீங்களே மரியாதை பண்ணுங்க. வந்தா புள்ளையோட வாங்க. இல்லைன்னா அவுங்க மாட்டுக் கொட்டாய் மேலயே ஏறிப் படுத்துக்குங்க'ன்னுட்டா.

மரியாதைன்னா புதுசா ஒரு பிளெக்ஸு அடிக்கறதுதானுங்களே. கடைக்குப் போனேன். அவன் எடுத்த எடுப்புலயே மஞ்ச போடலாமுங்கன்னான். எனக்கு வந்த கோவம். நீலமுன்னான். எதுக்கும் கேட்டுக்குவோம்னு ஆபீஸ் அம்மணிக்குப் போன் போட்டேன், எந்தக் கலருக்குப் பூச்சி வராதுன்னு. நீலத்துக்கு இலைப்பேன் வருமாம். வெள்ளைன்னேன். வெள்ளைல அடிச்சா கண்ணீர் அஞ்சலியாட்டம் இருக்குமுங்கன்னான் கடைக்காரன். சிவப்புன்னா ஒரு கட்சி, பச்சைன்னா ஒரு கட்சி. கடைசில ரோஸுதான் மிஞ்சுச்சு. நல்ல பளபளன்னு பட்டு ரோஸு. அதுல சம்பந்தி மீசையோட நிக்கறாரு. கீழ என்ன எழுதறதுன்னான். 'ஈ எறும்பு அண்டாத எங்கள் சம்பந்தியே'ன்னு போடச் சொன்னேன். படிச்சா அவரு மனசு எளகிருமுங்களா? நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க?

புள்ள என்ற மேல கோவமா இல்லீங்க. முந்தாநாள் போன் பண்ணுச்சு. அவுங்க ஊட்டு முன்னாடி போட்ட கீரைலயும் அசுவினியாம். 'மாமா வந்து வந்து மாட்டுக் கொட்டாய் கூரையவே உத்துப் பாக்கறாருப்பா'ன்னு சொல்லிச் சிரிச்சுது. கொட்டாய் மறுபடியும் ஒழுகுதாட்ட இருக்குது. மொபெட்டு டயரு பத்தாதுன்னு நான் அப்பவே நெனைச்சேன்.

பிரிவு வந்துருச்சுங்களா? ஷட்டரைச் சித்த தூக்கி உடுங்க தம்பி. அதா, அந்தத் தென்னைக்கு இக்கட்டால தெரியுதே, அதுதான் அவுங்க ஊடு. ரோட்டோரந்தான். முன்னாடி இருக்கறது கீரைப் பாத்தி. அது என்னங்க, நடுவுல மஞ்சளா?

தம்பி. அது நானுங்க.

ஆமாங்க, படுத்திருக்கறது நானு. நெத்தில பாருங்க, டயரு அச்சு வட்டமா உழுந்திருக்குது. பக்கத்துல குத்தவெச்சு உக்காந்து என்ற மூஞ்சில எண்ணெய் பூசறாரே, அவருதான் சம்பந்தி. எவ்வளவு தைரியம் பாருங்க. ஒரு பெரிய மனுசன் மூஞ்சிய இப்பிடியா, போற வர்ற பஸ்ஸு பூராவும் பாக்கற எடத்துல? நானாவது தோட்டத்துக்குள்ள மறைவா வெச்சிருந்தேன். இதை நான் சும்மா உடப் போறதில்லீங்க. நாலு பேரை வெச்சுக் கேக்காம உடமாட்டேன்.

இருங்க. எண்ணெய்க் கிண்ணத்தைப் புடிச்சுட்டு நிக்கறது கோகிலா. என்ற புள்ள. வயிறு எவ்வளவு பெருசாயிருச்சு. பஸ்ஸைப் பாத்துட்டுச்சு, கைய ஆட்டுது. திண்டு மேல பாருங்க, செவப்புப் பையி. அது கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்த பையிங்க. துணியெல்லாம் அடுக்கிக் கட்டி வெச்சிருக்குது. நான் வர்றதை ருக்குமணி போன்ல சொல்லிப்போட்டா போல. வருதுங்க. புள்ள எங்கூட வருதுங்க.

சம்பந்தி எந்திரிச்சுட்டாரு. என்னமோ சொல்றாரு, சித்த பேசாம இருங்க. கேட்டுதுங்களா? 'வாங்க சம்பந்தி, நேத்திருந்து உங்க மேல நல்ல கூட்டம்'ங்கறாரு.

கூட்டமாத்தான் இருக்குது. இங்க இருந்தே தெரியுது, வெள்ளைச் சட்டை கருப்பா மாறிப்போச்சு. மீசைல ஒண்ணுக்கு ரெண்டு அந்துப்பூச்சி. நீங்களே சொல்லுங்க தம்பி, நான் சொன்னதை விட இது எச்சுத்தானுங்களே? அவருக்கு மொத நாள்ல இத்தனை வரல. போனதும் அதைச் சொல்லிக் காட்டோணும்.

எறங்கறேன் கண்டக்டர், விசில் அடிச்சுராதீங்க.

இந்தச் சுருட்டுங்களா? வேண்டாமுங்க. இப்ப இதைக் கொண்டுபோயி நீட்டுனா மனுசன் மனசு ஒடஞ்சுபோயிரும். ரோஸுக்கு ஒரு பூச்சி வராது. நீங்களே வெச்சுக்குங்க. உங்க ஊட்டுல மாட்டுக் கொட்டாய் இருக்குதுங்களா? மேல போட்டுக்குங்க, நல்ல கெட்டி. டயரு மட்டும் வெச்சுராதீங்க தம்பி, செங்கல்லே போதும்.